வீட்டில் பேசும் பேச்சு

காலையில் எழுந்ததும் கிணற்றில் தண்ணீர் இறைக்கிறேன். குளிக்க ஒரு வாளி, அடுக்களைக்கு ஒரு வாளி. விறகு காய்ந்திருந்தால் அடுப்பு உடனே பற்றும். பால் இல்லாத கட்டஞ்சாயா போடுகிறேன். முந்தின நாள் அவித்த மரச்சீனிக் கிழங்கு மிச்சமிருந்தால் அதைத் தின்கிறேன். சவரம் செய்கிறேன். சட்டையை நானே தேய்த்துக்கொள்கிறேன். வீட்டைப் பூட்டிச் சாவியைப் பக்கத்து வீட்டு விஜயம்மாவிடம் கொடுத்துவிட்டு, பாறசாலை சந்தியில் பஸ் ஏறுகிறேன். நெய்யாற்றின்கரையில் ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியார் வேலை.

சில நாள் வீட்டைப் பூட்டுவதற்குள் யாராவது வந்துவிடுகிறார்கள். பெரும்பாலும் ஒரு பெண், கையைப் பிடித்தபடி ஒரு பிள்ளை. தூரத்து ஊர்க்காரர்கள்.

“டீச்சர் உண்டா?”

“இல்லை.”

“ஆஸ்பத்திரிக்குப் போயாச்சா?”

“இறந்துட்டா. ஜூன் மாசம்.”

அவர்கள் பிள்ளையைப் பார்ப்பார்கள். “பின்ன இதை யாருகிட்ட காட்டுறது?” என்று கேட்பார்கள். சனிக்கிழமை வரச் சொல்கிறேன். திருவனந்தபுரத்திலிருந்து சத்யபாமா டீச்சர் வருவார், இதே முன்னறையில்தான் பார்ப்பார் என்கிறேன். சத்யபாமா வருவதற்குக் காரணம் ஒரு விதி. அந்த விதி அச்சில் இருக்கிறது. அதை உண்டாக்கியவள் என் மனைவி சௌதாமினி.

பேச்சைச் சொல்லிக்கொடுப்பது ஒரு வேலை என்றே கல்யாணத்துக்கு முன் எனக்குத் தெரியாது. சௌதாமினி சென்னையில் காது கேளாத பிள்ளைகளுக்கான பள்ளி ஒன்றில் பயிற்சி பெற்றவள். நெய்யாற்றின்கரையில் ஓர் ஆஸ்பத்திரியில் வாரத்தில் சில நாள் உட்கார்ந்தாள். மற்ற நாட்களில் வீட்டுக்கு வருவார்கள். திக்குகிறவர்கள், அண்ணம் பிளந்தவர்கள், காது பாதி கேட்கிற பிள்ளைகள்.

திருவிதாங்கூர்–கொச்சி ராஜ்யம் முழுவதிலும் இந்த வேலை செய்தவர்கள் ஒரு பஸ்ஸில் அடங்குவார்கள். பாதி ஸீட் காலியாகவும் இருக்கும். அவர்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்தார்கள். பேச்சுப் பயிற்சியாளர் சங்கம். தலைவர் டாக்டர் கருணாகரன், திருவனந்தபுரத்தில் காது மூக்கு தொண்டை வைத்தியர். செயலாளர் சௌதாமினி.

தமிழர் பகுதிகளைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்ற போராட்டம் நடந்துகொண்டிருந்த காலம். மார்த்தாண்டத்தில் துப்பாக்கிச் சூடு நடந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. பாறசாலையில் நாலு பேர் கூடி நின்றால் ஒரு போலீஸ்காரர் ஐந்தாவதாக வந்து நிற்பார். செயலாளர் வீட்டுக்கும் ஒருவர் வந்தார்.

“இங்க பிரசங்கம் படிப்பிக்கிறதா அறிஞ்சு” என்றார்.

“உண்டு” என்றாள் சௌதாமினி. “ஆனா எனக்க பிரசங்கிகளுக்கு இன்னும் பல்லும் வரல்ல, வார்த்தையும் வரல்ல. ஒண்ணு உள்ள இருக்கு. கண்டுட்டுப் போங்க.”

அவர் கண்டார். சாயா குடித்துவிட்டுப் போனார். அடுத்த வாரம் சீருடை இல்லாமல் வந்தார், திக்குகிற தன் மகளைக் கூட்டிக்கொண்டு.

அந்த வருஷம் சர்க்கார் பள்ளிச் சேர்க்கைக்குப் புதிய விதிகள் எழுத ஒரு குழுவை வைத்தது. முதல் வரைவு வெளியே வந்தது. பேச்சில் சந்தேகம் உள்ள பிள்ளையைச் சேர்ப்பதற்கு முன் சோதிக்க வேண்டும். சோதனை பள்ளியின் மொழியில். பெற்றோர் சொல்லிக்கொடுத்துவிடாமல் இருக்க வெளியே நிற்க வேண்டும். தேறாத பிள்ளையைச் சேர்க்க வேண்டியதில்லை.

சௌதாமினி அதை ஒரே தடவை படித்தாள். “ஷியாமளா போச்சு” என்றாள்.

ஷியாமளா காரோடு என்ற பக்கத்து ஊரில் இருந்த அம்மிணியின் மகள். அம்மிணி வயலில் கூலி வேலை செய்பவள். புருஷன் சுந்தரன் அம்பூரியில் ரப்பர் பால் வெட்டினான், எப்போதாவது வருவான். ஷியாமளாவுக்குக் காது பாதிதான் கேட்கும். பேச்சு தாமதமாக வந்தது, வந்ததும் மழுங்கலாக வந்தது. போன வருஷம் ஒரு பள்ளியில் யானைப் படத்தைக் காட்டி மலையாளத்தில் கேட்டிருக்கிறார்கள். பிள்ளை வாய் திறக்கவில்லை. மந்தம் என்று அனுப்பிவிட்டார்கள். சௌதாமினி காரோட்டுக்குப் பலமுறை போய் அம்மிணி வீட்டு முற்றத்தில் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு வந்தாள். பிள்ளைக்குச் சொற்கள் நிறைய உண்டு என்றாள். இன்னொரு வருஷம் தள்ளினால் முதல் வகுப்பு வயது தாண்டிவிடும். இந்த வரைவு அப்படியே விதியானால் ஷியாமளா அம்மாவோடு வயலுக்குப் போக வேண்டியதுதான். அவளைப் போல எல்லை ஊர்களில் எத்தனையோ பிள்ளைகள்.

சங்கம் கேட்க வேண்டியதை அவள் மூன்று வாக்கியத்தில் எழுதினாள். பயிற்சி பெற்றவர் சோதிக்க வேண்டும். தாய் கூட இருக்க வேண்டும். பிள்ளை வீட்டில் பேசும் பேச்சில் சோதிக்க வேண்டும். மூன்றாவது வாக்கியத்துக்காக இரண்டு பக்கமும் அடி வாங்கினாள்.

முதலில் பொன்னுதாஸ். என்னோடு நாகர்கோவிலில் கல்லூரியில் படித்தவன். போராட்டத்தில் ஜெயிலுக்குப் போய் வந்தவன்.

“டீச்சரே, ஒற்றை வார்த்தை. தமிழில் சோதிக்கணும்னு எழுது. எழுதினா நாளைக்கே ஆயிரம் பேரெக் கூட்டி செக்ரட்டேரியட் முன்னால சத்தம் போட வைப்பேன்.”

“ஆயிரம் பேரு சத்தம் போட்டாலும் எனக்க பிள்ளைகளுக்குக் கேக்காது அண்ணா. அதுகளுக்குக் காது மந்தம்.”

“பகிடி வேண்டாம். அந்தப் பிள்ளைக்க தாய் தமிழாக்கும். தகப்பன் தமிழாக்கும்.”

“அந்தப் பிள்ளை நாய நாய்னு சொல்லுது. பூனையப் பூச்சைன்னு சொல்லுது. நான் எத வெட்டணும்? நாயயா, பூச்சையயா?”

பொன்னுதாஸ் என் பக்கம் திரும்பினான். “எலே, நீ கணக்கு வாத்தியாராக்கும். ஒனக்க பொஞ்சாதிக்கு ஒண்ணு ரெண்டு சொல்லிக்குடுக்கப்பிடாதா?”

“அவ எனக்குச் சொல்லிக்குடுக்கா” என்றேன்.

கோபத்தில் சாயாவைக் குடிக்காமல் எழுந்து போனான். படலைத் தாண்டினவன் திரும்பி வந்து குடித்துவிட்டுப் போனான்.

அடுத்தது சங்கத்தின் கூட்டம், திருவனந்தபுரத்தில். கருணாகரன் நல்ல மனிதர். அவருடைய பயம் வேறு. மொழி என்று வாயைத் திறந்தாலே சர்க்கார் நம்மைப் போராட்டக்காரர்கள் என்று நினைக்கும், மூன்றாவது வாக்கியத்தை எடுத்துவிட்டு முதல் இரண்டை மட்டும் கேட்போம், கிடைத்தவரை லாபம் என்றார். பலர் தலையாட்டினார்கள்.

சௌதாமினி எழுந்தாள். “ஸார், உங்களை நாளைக்கு ஒருத்தர் வங்காளத்தில சோதிச்சா நீங்களும் மந்தம்தான். சோதிக்கிறவருக்குப் பயிற்சி உண்டா இல்லியாங்கிறது பிறகு.”

ஓட்டுக்கு விட்டார்கள். இரண்டு பக்கமும் சமமாக வந்தது. தலைவரின் ஓட்டு மிச்சம். கருணாகரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு தான் பேசியதற்கு எதிராகவே, மூன்றாவது வாக்கியத்துக்காகக் கையைத் தூக்கினார்.

“எனக்கு வேலை போனால் இந்த டீச்சர் சோறு போடட்டும்” என்றார்.

குழு சங்கத்தை விசாரணைக்கு அழைத்தது. ஒரு பிள்ளையைக் கொண்டுவந்து காட்டலாம் என்றும் சொல்லியிருந்தார்கள். சௌதாமினி ஷியாமளாவைத் தேர்ந்தெடுத்தாள். நானும் லீவு போட்டுவிட்டுப் போனேன்.

அம்மிணி வெளுத்த முண்டும் நேரியதும் உடுத்து வந்தாள். பஸ்ஸில் பிள்ளையோடு பின் ஸீட்டில் இருந்தாள். முன்னால் சௌதாமினி காகிதங்களைப் பார்த்தபடி வந்தாள். பின்னால் அம்மிணி பிள்ளையின் காதில் வழிநெடுக எதையோ ஓதிக்கொண்டே வந்தது எனக்குக் கேட்டது. தைரியம் சொல்கிறாள் என்று நினைத்தேன். அவள் பிள்ளைக்கு மலையாளத்தில் பதில் சொல்லப் பழக்கிக்கொண்டிருந்தாள்.

எங்கள் பக்கத்தில் அதிகாரம் உள்ளவர் முன்னால் யாரும் வீட்டுப் பேச்சைப் பேசுவதில்லை. தாலுகா ஆபீஸ், போலீஸ் ஸ்டேஷன், எங்கே நுழைந்தாலும் நாக்கு தானாக மலையாளத்துக்கு மாறும். மடித்துக் கட்டின முண்டை இறக்கிவிடுவது போல அது ஒரு மரியாதை. பொன்னுதாஸ்கூடத் தமிழுக்காகக் கைதானபோது இன்ஸ்பெக்டரோடு மலையாளத்தில்தான் வாதாடினான்.

குழுவில் மூன்று பேர். தலைவர் ஓய்வுபெற்ற ஜட்ஜ். நாகர்கோவிலில் வேலை பார்த்தவர், தமிழ் தெரியும். மற்றவர்கள் ஒரு டாக்டரும், பருமனான ஒரு பள்ளி மானேஜரும். சௌதாமினி மூன்று வாக்கியங்களையும் விளக்கினாள். ஜட்ஜ் கவனமாகக் கேட்டார். பிறகு பிள்ளையைப் பார்த்து, வேண்டுமென்றே தமிழில், “உன் பெயர் என்னம்மா?” என்றார்.

ஷியாமளா தரையைப் பார்த்தாள். அம்மிணி எழுந்து நின்றாள். “ஷியாமளன்னாணு பேரு, ஸாரே.”

“வீட்டில் நீங்கள் என்ன மொழி பேசுவீர்கள்?”

“மலையாளம் தன்னெ, ஸாரே.”

மானேஜர் சிரித்தார். “பின்னெ எந்தினா ஈ பஹளம்?” என்றார். இவ்வளவு ஆர்ப்பாட்டம் பிறகு எதற்கு என்று. அம்மிணி பிள்ளையின் முதுகில் குத்தி, “பறயெடீ” என்று பேசச் சொன்னாள். பிள்ளை உதட்டை இறுக்கிக்கொண்டது. போன வருஷம் யானைப் படத்துக்கு முன்னால் நின்றது போலவே நின்றது. சங்கத்துக்காக வந்திருந்த கருணாகரன் என்னைப் பார்த்தார். எல்லாம் முடிந்தது என்று நானும் நினைத்தேன்.

சௌதாமினி அம்மிணியை ஒன்றும் சொல்லவில்லை. ஜட்ஜிடம் போனாள்.

“ஸார், ஒரு சாயா குடிக்கிற நேரம் தரணும். அதுவரை யாரும் இதுகிட்ட ஒண்ணும் கேக்காண்டாம். இந்தப் பக்கம் பாக்கவும் வேண்டாம்.”

ஜட்ஜ் சம்மதித்தார். சாயா வந்தது. மூன்று பேரும் காகிதம் புரட்டினார்கள். சௌதாமினி அம்மிணியை மூலைக்குக் கூட்டிப்போய், “பிள்ளைக்க தலைய அவுத்துப் பின்னு. பஸ் காத்துல எல்லாம் சிக்கா கிடக்கு” என்றாள்.

“இங்க வச்சா டீச்சரே?”

“இங்க வச்சுத்தான்.”

அம்மிணி கூச்சத்தோடு தரையில் இருந்து, பிள்ளையை முழங்கால்களுக்கு நடுவில் இருத்திக்கொண்டாள். ரிப்பனை அவிழ்த்தாள். விரலால் சிக்கெடுத்தாள். கொஞ்ச நேரத்தில் அவளுடைய தோள் இறங்கியது. வேலை கைக்கு வந்துவிட்டால் எங்கே இருந்தாலும் அவள் வீட்டில் இருப்பவள்தான். சௌதாமினி காரோட்டில் அந்த முற்றத்தில் உட்கார்ந்து எதைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று எனக்கு அப்போது புரிந்தது.

ஷியாமளா தலையைப் பின்னால் சாய்த்தாள். அவளுடைய காதுக்கு நேரே அம்மாவின் வாய். சொற்கள் மழுங்கித்தான் வந்தன. நான் தெளிவாக எழுதுகிறேன்.

“அம்மோ, அந்த ஸாருக்க செவியில முடி உண்டு.”

“மிண்டாத, வாய மூடிட்டு இரி.”

“நம்ம பூச்சைக்கும் உண்டு. அதுக்கு வெள்ள முடி. அதுக்க குட்டிய நாய் கொண்டுபோச்சு இல்லியா, அத அச்சன் வரும்போ சொல்லணும்.”

“சொல்லலாம்.”

“சொல்லாண்டாம். அச்சன் அழும்.”

“ஒனக்க அச்சன் அழாது.”

“அழும். நான் கண்டேன். அம்பூரிக்குப் போவும்போ பஸ்ஸில இருந்து அழுதுது.”

அம்மிணியின் கை நின்றது. அவளுக்கு அது தெரியாது போலிருக்கிறது. மானேஜர் தன் காதைத் தொட்டுப் பார்த்தார். டாக்டர் சாயாக் கோப்பையைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார். பிள்ளை பேசிக்கொண்டே போனது. பின்னி முடிகிறவரை நிறுத்தவில்லை.

“இது தமிழா, மலையாளமா?” என்று ஜட்ஜ் தாழ்ந்த குரலில் கேட்டார்.

“அம்மிணிக்க வீட்டுப் பேச்சு, ஸார். அதுக்குப் பேரு எனக்குத் தெரியாது. விதியிலயும் பேரு வேண்டாம்.”

“பெயர் சொல்லாமல் விதியை எப்படியம்மா எழுதுவது?”

“தாயெ உள்ள விடுங்க ஸார். அவ பிள்ளைகிட்ட எப்படிப் பேசுறாளோ, சோதிக்கிறவங்க அப்படிக் கேக்கட்டும். அது தெரியாதவங்க சோதிக்காண்டாம்.”

ஜட்ஜ் அதை எழுதிக்கொண்டார்.

திரும்பும்போது அம்மிணி பஸ்ஸில் அழுதாள். “நான் கெடுத்தேனா டீச்சரே? பெரிய ஆளுக முன்னால வேற என்ன பேசுறது?”

“நீ அப்படிப் பேசினது நல்லதாச்சு” என்றாள் சௌதாமினி. “ஸாரு முன்னால ஒரு பேச்சு, பிள்ளை முன்னால ஒரு பேச்சுன்னு நான் காகிதத்தில எழுதினா யாரு நம்புவா? அவுக கண்ணால கண்டாச்சு.”

மே மாதம் விதிகள் அச்சாகி வந்தன. மூன்றும் இருந்தன. பயிற்சி பெற்றவர். தாயோ வளர்ப்பவரோ உடனிருக்க. குழந்தை வீட்டில் பேசும் பேச்சில். அந்தப் பக்கத்தில் எந்த மொழியின் பெயரும் இல்லை. பயிற்சி பெற்றவர்களை ஒவ்வோர் இடத்துக்கும் அனுப்பும் பொறுப்பைச் சங்கத்துக்கே கொடுத்திருந்தார்கள். ஒரு பஸ் நிறையாத சங்கம். தெருவில் ஒரு ஊர்வலம்கூடப் போகாதவர்கள். ஊர்வலம் போனவர்களுக்கும் சுட்டவர்களுக்கும் நடுவில் நின்று, ஒரு வாக்கியத்தை விட்டுக்கொடுக்காமல் வாங்கினார்கள்.

பொன்னுதாஸ் வந்து அதைக் கூர்ந்து படித்தான். “தமிழ்னு ஒரு எழுத்து இல்லலே” என்றான். மறுபடியும் படித்தான். “ஆனா இது நடந்தா நம்ம பிள்ளைக ஒண்ணும் வெளிய நிக்காது. ஒனக்க பொஞ்சாதி ஆளு கொள்ளாம், கெட்டிக்காரியாக்கும்.” இந்தத் தடவை சாயாவைக் கேட்டு வாங்கிக் குடித்தான்.

மே கடைசியில் சௌதாமினிக்குக் காய்ச்சல் வந்தது. டைபாய்டு என்றார்கள். ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். குறையும், ஏறும். காரோட்டுப் பள்ளியில் சேர்க்கைச் சோதனை வந்த நாளில் ஏறியிருந்தது.

“நீங்க போங்க” என்றாள். “சத்யபாமா வந்து சோதிக்கும். நீங்க கண்டுட்டு வந்து சொல்லணும்.”

போனேன். நல்ல மழை. ஹெட்மாஸ்டர் விதியைப் படித்திருந்தார். ஆனாலும் பழக்கத்தில் அம்மிணியைப் பார்த்து, வெளியே நிற்கும்படி கையைக் காட்டினார்.

அம்மிணி நகரவில்லை. அவர் முன்னாலிருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். “நான் போவ மாட்டேன் ஸாரே. தாய் இருக்கணும்னு விதி உண்டு. எனக்கு டீச்சர் வாசிச்சுத் தந்ததாக்கும்.”

ஒரு அதிகாரி முன்னால் அம்மிணி தன் வீட்டுப் பேச்சைப் பேசி நான் அன்றுதான் கேட்டேன். ஹெட்மாஸ்டர் கையை இறக்கினார். சத்யபாமா கொல்லத்தில் பிறந்து வளர்ந்தவர், எங்கள் பேச்சைச் சௌதாமினியிடம் கேட்டுக் கேட்டுப் பழகியிருந்தார். பிள்ளையின் அருகில் போய், அம்மிணியின் குரலிலேயே பூனையைப் பற்றிக் கேட்டார். முதலில் ஷியாமளா அம்மாவைப் பார்த்தாள். பிறகு பேசினாள். நிறுத்தத்தான் சிரமப்பட்டார்கள். அன்று மதியம் முதல் வகுப்பில் அவள் பெயரை எழுதினார்கள். அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பிள்ளைகள் தாயோடு நின்றன.

அடுத்த நாள் விடிவதற்கு முன் சௌதாமினி இறந்தாள்.

இரண்டு இரங்கல் கூட்டம் நடந்தது. பாறசாலையில் ஒன்று. பொன்னுதாஸ் அன்று ஊரில் இல்லை. பேசியவர், நெய்யாற்றின்கரை தமிழகத்தோடு சேரும் நாளைப் பற்றிச் சொல்லிக்கொண்டே அவள் கண்ணை மூடினாள் என்றார். கைதட்டினார்கள். திருவனந்தபுரத்தில் இன்னொன்று. அங்கே ஒருவர், சங்கத்தைக் காப்பாற்றுங்கள் என்பதுதான் அவளுடைய கடைசிச் சொல் என்றார். கருணாகரன் மேஜையைப் பார்த்தபடி இருந்தார். இரண்டு இடத்திலும் நான் முன்வரிசையில்தான் இருந்தேன். ஒன்றும் சொல்லவில்லை. அவர்களுக்குப் பெருமையாக இருந்தது. எனக்கும் இருந்தது.

ஆனால் அவள் அப்படி எதுவும் சொல்லவில்லை. நான் காரோட்டிலிருந்து நனைந்து வந்து கட்டிலருகில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அம்மிணி பெஞ்சில் உட்கார்ந்ததைச் சொன்னபோது கண்ணைத் திறந்தாள். சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன். முதல் வகுப்பு எந்த அறை என்று கேட்டாள். ரோட்டைப் பார்த்த முன் அறை என்றேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். தூங்கிவிட்டாள் என்று விளக்கைத் தணிக்க எழுந்தேன்.

“பிள்ளைய ஜன்னல் பக்கம் இருத்தாண்டாம்னு ஸாருகிட்ட சொல்லணும், கேட்டியளா. பஸ் போற சத்தத்தில அதுக்கு ஒண்ணும் கேக்காது.”